ஆஸ்டருக்குக் கொடுத்த அவசரம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றையும் எங்கே எதைப் போடுவது என்று இன்றைக்கும் சந்தேகம்தான். தோன்றியதைப் போட்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மலையாளம் மட்டும் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

நேரில் சொல்லியிருக்கலாம். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அது உங்களுக்கே தெரியும். இடுப்பு வலியால் ஆவணியோடு நர்சரி வேலையிலிருந்து நான் நின்றுவிட்டேன். போன வாரம் நர்சரிப் பக்கம் வந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: "அண்ணாச்சி, ஆஸ்டர் பாத்திக்கு மேல எதுக்கு பல்பு? திருடன் வருவானா?" நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். வீட்டுக்குப் போனதும் அது சரியில்லை என்று பட்டது. அந்த பல்பு ஒரு திட்டமும் போட்டு வந்ததல்ல. ஒரு சொல் தப்பாகக் காதில் விழுந்ததால் வந்தது. விழுந்தது என் காதில்தான்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்தவன் நான். முதலில் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் மேஜை துடைத்தேன். அங்கே நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் இலை காய்ந்துவிடும். பிறகு கட்டட வேலை. அங்கே ஒரு மேஸ்திரி, "பேசாத ஆளுக்கு ஏத்த வேலை ஒண்ணு இருக்குடே" என்று சொல்லிப் பேரூர்க்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். ஆடி மாதம். தோட்ட வேலை.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் டீச்சர், எனக்கும் டீச்சர். மலையாளிதான். என்னிடம் தமிழ் என்று நினைத்து ஒன்றைப் பேசுவார். நானும் மலையாளம் என்று நினைத்து ஒன்றைப் பேசுவேன். இரண்டும் நடுவழியில் எங்காவது சந்தித்துக்கொள்ளும்.

வீட்டின் முன்னால், கேட்டுக்கும் படிக்கும் நடுவில், ஒரு நீளமான பாத்தி. அதில் நான் பார்த்திராத ஒரு செடி. டீச்சரின் வீட்டுக்காரர் பொன்முடியில் தேயிலைத் தோட்ட ஆபீசில் இருந்தவராம். அங்கே பங்களா வாசலில் இருந்த செடியின் வேரை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, கல்லாறு வழியாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். அவர் போய்விட்டார். செடி இருந்தது. சாலைக் கம்போளச் சந்தையில் மாலைக்கு விற்கிறார்களே, ஒரு தடவை பூத்துச் சாகிற ஆஸ்டர், அது வேறு. இது பூத்து முடிந்ததும் தரையோடு காய்ந்துபோகும், அடுத்த வருடம் அதே வேரிலிருந்து எழும்பும். மற்ற செடியெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகுதான் இது பூக்கத் தொடங்கும்.

தொல்லையும் அங்கேதான். பூக்கும்வரை அதைப் பார்த்தால் களை மாதிரியே இருக்கும். எனக்கு முன்னால் கூலிக்கு வந்த ஆட்கள், செடி நட்ட மூன்று வருடமும், புரட்டாசியில் புல்லோடு சேர்த்து அதையும் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு சார் இருந்தார், தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் வந்த முதல் நாளே மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "எடே, இது கம்யூனிஸ்ட் பச்சையல்லே? ஒரு முறத்தில வாரி எறி" என்றார். ரோட்டோரம் புதர் புதராக மண்டிக் கிடக்குமே, அந்தக் களைக்கு இங்கே அதுதான் பேர்.

ஓணத்துக்கு டீச்சரின் மகன் பெங்களூரிலிருந்து வந்தார். புதுக் கார். உள்ளே நிறுத்த இடமில்லை, வழியில் நிறுத்தியிருந்தார். இரண்டாம் நாள் காலையில் பாத்திக்கு முன்னால் நின்று காலடி வைத்து அளந்தார். நான் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மே, மூணு வருஷமாயி. ஒரு பூ கண்டோ? இவிடெ ஒரு ஷெட்டு கெட்டினா காரு கிடக்கும். சும்மா காடு வளர்த்தி எந்தினா?"

டீச்சர் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு அவசரம் கூடி கொடுக்காம். கிறிஸ்மஸுக்கு நீ வரும்போ பூவில்லெங்கில் நீ ஷெட்டு கெட்டிக்கோ. நான் ஒண்ணும் பறயில்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டோ செல்லய்யா? மனசிலாயோ?" என்றார்.

"மனசிலாயி டீச்சர்" என்றேன். அப்போது எனக்குத் தடுக்காமல் வந்த மலையாளச் சொல் அது ஒன்றுதான்.

எனக்கு மனசிலானது இதுதான்: கிறிஸ்மஸுக்குள் பூக்காவிட்டால் பாத்தி போச்சு, அதனால் செடிக்கு அவசரம் கொடுக்க வேண்டும். அதுவும் 'கூடி', கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். பாத்தி போனால் நானும் போனேன். அந்த வீட்டில் வேறு தோட்டம் கிடையாது. மறுபடி ஓட்டல் மேஜை. அந்தப் பாத்தி முன்னால் உட்கார்ந்திருந்த ஒன்றரை மாதத்தில்தான், ஊரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக, நான் யாருக்கும் பயப்படாமல் இருந்தேன்.

செடியை எப்படி அவசரப்படுத்துவது? எனக்குத் தெரிந்த அவசரம் ஒன்றே ஒன்று. கோழிப் பண்ணையில், சாயங்காலம் இருட்டினதும் பல்பைப் போட்டுவிடுவோம். கோழி பகல் நீள்கிறது என்று நினைத்துக்கொண்டு நிறைய முட்டை போடும். கோழிக்கு ஆனது செடிக்கு ஆகாதா? வராந்தாவிலிருந்து ஒயரை இழுத்து, பாத்தியின் நடுவில் நின்ற பலாமரத்தில் ஒரு கொம்பிலிருந்து இரண்டு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். புரட்டாசி பிறந்த அன்று போட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். "பாம்பினோ?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஆனாலும், "ஆமா டீச்சர்" என்றேன்.

"கொள்ளாம்" என்று, நல்லதுதான் என்கிற மாதிரி, தலையாட்டி உள்ளே போனார்.

பாருங்கள், ஒரே தோட்டத்தில் இரண்டு பேர். ஒருவருக்கு அது பாம்பு விளக்கு, இன்னொருவருக்கு அது கோழி விளக்கு.

செடி வளர்ந்தது. அப்படியொரு வளர்ச்சி. ஆடியில் நான் நுனி கிள்ளிவிட்டிருந்ததால் பக்கத்துக்கு ஏழெட்டுக் கிளை. இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது. சாயாமல் இருக்க மரச்சீனிக் கம்பு ஊன்றிக் கட்டினேன், மரவள்ளியைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். ஐப்பசி பிறந்தது. ஒரு மொட்டு இல்லை. ஊன்றின கம்பு மட்டும் தளிர்த்துவிட்டது.

பக்கத்து வீட்டு சாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"எந்தரடே செல்லய்யா, கம்யூனிஸ்ட் பச்சைக்கு லைட்டு போட்டுப் படிப்பிக்குகயோ? பரீக்ஷ எப்பழா?"

நான் குனிந்து அடுத்த கம்பைக் கட்டினேன்.

"பூ வராதுடே. மரச்சீனி வரும். கிறிஸ்மஸுக்கு மகனுக்குப் புழுங்கிக் கொடுக்காம்."

பிறகு இரக்கப்பட்டு, யூரியா வைத்துப் பார் என்று ஒரு பை கொண்டுவந்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பையை நான் ஒரு காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிற நேரம் அது. உங்களுக்கும் வரும். அப்படிப்பட்ட நேரத்தில் கையில் எது இருந்தாலும் அது மருந்து மாதிரித் தெரியும். நல்ல எண்ணத்தோடு கொடுத்த பை வேறு. ஆனால் செடியைப் பார்த்தால் இலை கரும்பச்சை. பசித்த செடி அப்படி இருக்காது. வயிறு நிறைந்தவனுக்கு மறுபடி சோறு போடுவானேன் என்று பையை எடுத்து ஓரமாக வைத்தேன். அந்தப் பதற்றத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அது. அதுவும் அறிவால் எடுத்ததல்ல, ஓட்டலில் பரிமாறின பழக்கம்.

அடுத்த நாள் காலை சாய்ந்த செடிகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டே வந்தேன். பாத்தியின் கடைசிப் பக்கம், பலாமரத்துக்கு அந்தண்டை, கையில் ஏதோ நெருடியது. மொட்டு. மிளகு மிளகாக. ஒரு செடியில் இல்லை, வரிசையாக ஆறு செடியில். ஏழாவது செடியில் ஒரு பக்கம் மொட்டு, மறுபக்கம் வெறும் இலை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. நான் பார்த்துப் பார்த்து வெளிச்சம் கொடுத்த செடியெல்லாம் சும்மா நிற்க, மூலையில் கிடந்த இவை ஏன்? நோய் வந்த செடி சாகும்முன் பூக்கும் என்பார்களே, அதுவோ என்று வேரைத் தோண்டிப் பார்த்தேன். நல்ல வேர். துணி துவைத்த தண்ணீர் அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. மர நிழலோ என்றால், பகலில் அந்த நிழல் பாத்தி முழுவதையும் சுற்றி வருகிறது. காலையில் இந்தப் பக்கம், மாலையில் அந்தப் பக்கம். எல்லாச் செடிக்கும் பங்கு உண்டு.

சாயங்காலம் வழக்கம்போல பல்பைப் போட்டேன். திரும்பினேன். அடிமரத்தின் நிழல் கறுப்பாக நீண்டு, சரியாக அந்த ஆறு செடிமேல் கிடந்தது. ஏழாவதில் பாதி. சூரியனின் நிழல் நகரும். பல்பின் நிழல் நகராது. ஒரு மாதமாக அந்த ஆறு செடி மட்டும்தான் சாயங்காலமானால் நிம்மதியாக இருட்டில் இருந்திருக்கிறது.

சுவிட்சில் கையை வைத்துக்கொண்டே நின்றேன். பூவை வரவிடாமல் செய்தது நான்தான் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியாது. பகல் குறைகிற காலத்தில்தான் இந்தச் செடிக்குப் பூக்க நினைப்பு வரும் என்பதை ரொம்ப வருடம் கழித்து விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது நிழலும் மொட்டும் மட்டும்தான். அது போதுமாக இருந்தது.

ஆனாலும் உடனே எடுக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பல்பை மட்டும் எடுத்து, பாதிப் பாத்தியில் பார்க்கலாம் என்று தோன்றியது. புத்திசாலித்தனம் போல இருக்கும். உண்மையில் அது வெட்கம். இரண்டையும் எடுத்தால் ஏன் எடுத்தாய் என்பார்கள், ஒன்றை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மகன் வருவதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. பாதிப் பாத்தி பூத்தால் மறுபாதியில் ஷெட்டு கட்டலாமே என்று அவர் சொல்ல மாட்டாரா? என் வெட்கத்துக்காக அந்த அம்மாவின் பாதிப் பாத்தியைக் கொடுக்க முடியுமா?

சுவிட்சை அணைத்துவிட்டுப் படியேறிப் போனேன். டீச்சர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பல்ப எல்லாம் எடுக்கணும்."

"எந்தா? பாம்பு போயோ?"

"பாம்புக்கு இல்ல டீச்சர்."

"பின்னே?"

"அவசரத்துக்கு."

"எந்து அவசரம்?"

எனக்கு வியர்த்துவிட்டது. "நீங்க சொன்ன அவசரம்தான் டீச்சர். ஓணத்துக்கு மகன்கிட்ட சொன்னீங்கல்லா, அவசரம் கூடி கொடுக்கணும்னு. அதான், கோழிக்குப் போடுதாப்புல..."

டீச்சர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "செல்லய்யா, தமிழில அவசரம்னா எந்தாணு?"

"வேகம் டீச்சர். பஸ்ஸு போயிருமேன்னு ஓடுறது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. திட்டப்போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால் சிரிக்கிறார். சிரித்துச் சிரித்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எடோ! மலையாளத்தில அவசரம்னா சான்ஸ்! சான்ஸ்! ஒரு சான்ஸ் கூடி கொடுக்காம்னல்லே ஞான் பறஞ்ஞது! ஞான் அதினு அவசரம் கொடுக்கான் பறஞ்ஞு, நீ அத ராத்திரி முழுக்க ஓட வச்சல்லோ!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மதிலுக்கு மேலே சாரின் தலை எட்டிப் பார்த்தது.

சிரித்து ஓய்ந்ததும் டீச்சர் பாத்தியைப் பார்த்தார். "இனி பூ வருமோ?"

"தெரியல டீச்சர்" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மையான பதில்.

"எங்கில் இப்பவாவது கொடு. ஞான் பறஞ்ஞ அவசரம்."

அன்றைக்கு ஐப்பசி பத்து. இங்கே துலாம் பத்து என்பார்கள்.

மறுநாள் ஏணி போட்டு ஒயரைச் சுருட்டினேன். சார் விடுவாரா? "எந்தரடே, பரீக்ஷ கழிஞ்ஞோ?"

"லீவு விட்டாச்சு சார்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் பதில் பேசியது எனக்கே உறைத்தது.

துலாவர்ஷ மழை அந்த வருடம் இடியோடு கொட்டியது. மழைவிட்ட நேரமெல்லாம் செடியை நிமிர்த்திக் கட்டுவதுதான் வேலை. வேறெதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்த மாதம்தான் தெரிந்தது. கார்த்திகை பிறந்து சில நாளில் முதல் மொட்டைப் பார்த்தேன். அடுத்த நாள் எண்ண முடிந்தது. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. ஒரு மாதம் பிடித்து நிறுத்தி வைத்த செடியெல்லாம் ஒரே நேரத்தில் கதவு திறந்ததுபோல வந்தது. அந்த ஆறு செடி மட்டும் பத்துப் பூவாக முன்னாலேயே பூத்து, மற்றவற்றுக்கு வழி காட்டிவிட்டு ஓய்ந்தது.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் கேட்டுக்கு வெளியே ஹாரன் கேட்டது. நான் போய்த் திறந்தேன். மகன் காரை உள்ளே விட்டார். பாதி உள்ளே, பாதி வெளியே. அப்படியே நின்றது. எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தபடி விட்டு இறங்கினார்.

கேட்டிலிருந்து படிவரை ஊதா. நடுவில் மஞ்சள் கண். ஒவ்வொரு பூவிலும் தேனீ. அந்தச் சத்தம் கார் நின்ற பிறகுதான் கேட்டது.

அவர் பாத்திக்குப் பக்கத்தில் போனார். ஒரு கிளையை இழுத்துப் பார்த்தார். "அச்சன் பறஞ்ஞது இதானோ?" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். அப்பா சொல்லிக்கொண்டே இருந்த பொன்முடிப் பூவை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். "எடா, ஷெட்டினு அளவெடுக்க வேண்டே?"

மகன் திரும்பி நடந்தார். காரில் ஏறினார். பின்னோக்கி எடுத்து, வெளியே வழியோரமாக, மதிலை ஒட்டி நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். ஷெட்டு என்ற சொல் அதன் பிறகு அந்த வீட்டில் கேட்கவில்லை. இப்போதும் அவர் வந்தால் கார் வழியில்தான் கிடக்கும். மழையில் நனையும். சார் அன்று சாயங்காலம் ஒரு கொத்துப் பூ கேட்டு வாங்கிக்கொண்டு, யூரியாப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வேரிலிருந்து பிரித்துத்தான் நம் நர்சரியின் ஆஸ்டர் எல்லாம் வந்தது. பல்பும் கூடவே வந்தது. பூ எப்போது வேண்டுமோ அதுவரை பல்பைப் போட்டுச் செடியை நிறுத்திவைக்கலாம், அணைத்தால் ஒன்றாகப் பூக்கும் என்று எனக்கு அந்தத் தப்புத்தான் கற்றுக்கொடுத்தது. இதை நான் கண்டுபிடித்ததாக யாரிடமும் சொல்லாதீர்கள். பெரிய தோட்டக்காரர்கள் எனக்கு முன்பே தெரிந்து செய்திருக்கிறார்களாம். நான் தெரியாமல் செய்தேன், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். புரியாத சொல்லுக்கு "மனசிலாயி" என்று தலையாட்டாதீர்கள். கேட்டால் ஒரு நிமிஷம் வெட்கம், கேட்காவிட்டால் ஒரு மாதம் பல்பு எரியும். இன்னொன்று, நூறு செடி ஒரு மாதிரி நிற்கும்போது ஆறு செடி வேறு மாதிரி நின்றால், அந்த ஆறுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இந்த நோட்டை சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறேன். இந்த வருடம் முதல் கொத்து டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். மகன் கிறிஸ்மஸுக்கு வருகிறார்.

எழுதி முடித்தது துலாம் பத்து. இன்று சாயங்காலம் பல்பு போட வேண்டாம்.